மழை திறந்த துறைமுகம்

கொச்சிக்கு எந்த மாதத்தில் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மார்கழி, தை என்பார்கள். ஆனி மாதத்தில் போகப் போகிறேன் என்று நான் சொன்னபோது நண்பர் ஒருவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "ஊரைப் பார்க்கப் போகிறீரா, நனையப் போகிறீரா?" என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டார். உண்மையில் நான் யோசித்துச் சொன்ன பதில்தான் அது. சில ஊர்களை ராஜாக்கள் உண்டாக்கினார்கள். சில ஊர்களைக் கோயில்கள் உண்டாக்கின. கொச்சித் துறைமுகத்தை உண்டாக்கியது மழை. அந்த மழை இல்லாத மாதத்தில் அந்த ஊரைப் போய்ப் பார்ப்பது, வீட்டு எஜமானர் வெளியூர் போயிருக்கும்போது வீட்டைப் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

ரயில் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும்போதே வானம் இருண்டுவிட்டது. எர்ணாகுளம் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நம் ஊரில் மழை வந்தால் ஜனங்கள் ஓடுவார்கள். கடைத் திண்ணைகளில் ஒண்டிக்கொள்வார்கள். இங்கே ஒருவரும் ஓடவில்லை. குடையை விரித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, பேசிய பேச்சை நிறுத்தாமல் நடந்துகொண்டிருந்தார்கள். நானும் முதல் காரியமாக ஒரு குடை வாங்கினேன். அன்றைக்கு நான் வாங்கிய சாமான்களில் மிகவும் உபயோகமானது அதுதான்.

படகுத் துறைக்குப் போய்க் கோட்டைக் கொச்சிக்குச் செல்லும் படகில் ஏறினேன். காயலின் நடுவே போனபோது மேற்கே இரண்டு கரைகளுக்கு நடுவில் கடல் தெரிந்தது. அல்லது, கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை தெரிந்தது. வடக்குப் பக்கம் வைப்பின் தீவு; தெற்குப் பக்கம் கோட்டைக் கொச்சி. இந்த இடைவெளிதான் துறைமுகத்தின் வாய். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னால் இந்த வாய், பெரிய கப்பல் எதுவும் எட்டிப் பார்க்காத ஒரு சிறு கழிமுகமாகத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் பெருமை எல்லாம் வடக்கே, பெரியாறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது. முசிறி என்ற பெயர் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய 149-ஆம் பாட்டில், யவனரின் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய சேரர் பட்டினம் அது. பொன் எவ்வளவு என்பதற்கு மறுகரையிலிருந்தும் சாட்சி உண்டு. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் நாணயங்களை இந்தியா விழுங்கிவிடுகிறதே என்று ரோமாபுரிப் பண்டிதர் பிளினி வயிறெரிந்து எழுதி வைத்தார். முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிப் போன ஹெர்மப்போலோன் என்ற கப்பலைப் பற்றிய ஒப்பந்தம் ஒன்று, பாபிரஸ் தாளில் எழுதியது, இன்றும் வியன்னாவில் இருக்கிறது. பறவூருக்கு அருகில் பட்டணம் என்ற கிராமத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழ்வாராய்ச்சியில் ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பழைய முசிறி அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

அப்பேர்ப்பட்ட துறை எப்படி மறைந்தது? எதிரி வந்து கொளுத்தவில்லை. 1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் ஒரு வெள்ளம் வந்தது. மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மண்ணையெல்லாம் ஆறு கொடுங்கல்லூர் முகத்துவாரத்தில் கொட்டியது. அங்கே பழைய துறை தூர்ந்துபோயிற்று. தெற்கே கொச்சியில் கடலுக்கு ஒரு புது வாய் அகன்று திறந்தது. வண்டல் சேர்ந்து வைப்பின் என்ற நீண்ட தீவு உருவாயிற்று என்பது இந்த நாட்டு ஜனங்களின் வழிவழி வந்த நம்பிக்கை. வைப்பு என்றால் வைத்தது, ஆறு கொண்டுவந்து வைத்தது. 'புதுவைப்பு' என்று ஓர் ஆண்டுக் கணக்கே அன்றிலிருந்து தொடங்கினார்கள். அரசர்கள் பட்டமேறியதை வைத்துச் சகாப்தம் எண்ணுவதை எத்தனையோ நாடுகளில் பார்க்கிறோம். ஒரு வெள்ளத்தை வைத்து எண்ணிய ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். முசிறி அதற்கு முன்பே நலியத் தொடங்கிவிட்டது என்று சொல்கிற சரித்திரக்காரர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் 2018 ஆகஸ்டில் இதே பெரியாறு பெருகி, கொச்சி விமான நிலையத்தையே இரண்டு வாரம் மூடவைத்ததை நினைத்துப் பார்த்தால், 1341-ஐப் பற்றிய பேச்சு அப்படி ஒன்றும் மிகையாகத் தோன்றவில்லை.

வாய் திறந்து நூறாண்டு கழிவதற்குள் சீனர்களின் பெரிய கப்பல்கள் கொச்சிக்கு வந்துவிட்டன. செங் ஹோ என்ற கடற்படைத் தலைவனோடு வந்த மா ஹுவான் என்பவர் தாம் பார்த்த நாடுகளைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் கொச்சி மழைக்கும் இடம் உண்டு. கோடையில் ஓரிரு மழை பெய்ததும் இந்த ஊரார் வீட்டுக் கூரையைச் சீர்படுத்திக்கொண்டு, தானியத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள், பிறகு இரவு பகலாகக் கொட்டுகிறது, தெருவெல்லாம் ஆறாகிறது, யாரும் வெளியே வர முடியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கருத்துப்பட எழுதுகிறார். இந்த ஊரில் விளைவது மிளகைத் தவிர வேறொன்றும் இல்லை என்றும், அதை வாங்கிச் சேர்த்து விற்கும் பணக்காரர்கள் செட்டிகள் என்றும் குறித்திருக்கிறார். நூல் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நான் படகை விட்டு இறங்கிக் கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்தபோது, அந்தச் சீனர் என் பக்கத்தில் குடை பிடித்து வருவதுபோல் இருந்தது.

கரையோரம் அவர்கள் பெயரால் சீனவலைகள் நிற்கின்றன. பெரிய பெரிய மூங்கில் கைகளும், நடுவில் தொங்கும் வலையுமாக, வெட்டுக்கிளிகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி. மறுமுனையில் கயிற்றில் கோத்த கருங்கற்கள் எடைக்கு எடை தொங்குகின்றன. நாலைந்து ஆட்கள் சேர்ந்து கயிற்றை இழுத்தால் முழு வலையும் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறது. சீனர்கள் தந்தது என்கிறார்கள். போர்த்துகீசியர் மக்காவிலிருந்து கொண்டு வந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வலை மூன்று முறை எழுந்தது. மூன்று முறையும் ஒரு கூடையில் கால்வாசிகூட நிரம்பவில்லை. இழுத்தவர்கள் முகத்தில் ஏமாற்றமும் இல்லை. மழைக்காலத்து மீனுக்கு அவர்கள் கணக்கே வேறாக இருக்கும்.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் போர்த்துகீசியர் மரத்தால் கட்டி, 1516-இல் கல்லால் புதுப்பித்தது. 1663-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் இதைத் தங்கள் மதப்பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1795-இல் வந்த ஆங்கிலேயர் தங்கள் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்கள். மூன்று பேர் கை மாறியும் கட்டடம் என்னவோ அடக்கமாகத்தான் இருக்கிறது. விட்டத்திலிருந்து துணிப் பங்காக்கள் தொங்குகின்றன. வெளியே உட்கார்ந்து கயிறு இழுக்க ஓர் ஆள் இருந்த காலத்தவை. உள்ளே கம்பி வேலியிட்ட ஒரு கல்லின்கீழ்தான் வாஸ்கோ ட காமாவை அடக்கம் செய்தார்கள். 1524-இல் வைஸ்ராயாக மூன்றாம் முறை வந்தவர், சில மாதங்களுக்குள் கிறிஸ்துமஸ் முந்தின நாள் இந்த ஊரில் இறந்தார். சுமார் பதினான்கு ஆண்டு கழித்து எலும்புகளை அவர் நாட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஆகவே இப்போது அங்கே இருப்பது வெறுங்கல்.

அந்த வெறுங்கல்லின் முன் நின்றபோது எனக்கு அவருடைய வீரப் பிரதாபங்கள் நினைவுக்கு வரவில்லை. காற்று விஷயத்தில் அவர் பட்ட பாடுதான் வந்தது. 1498-இல் ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து வழிகாட்டி ஒருவனை ஏற்றிக்கொண்டு, தென்மேற்குக் காற்று தொடங்கும் சமயம் புறப்பட்டார். 23 நாளில் கடலைக் கடந்து மலையாளக் கரையைக் கண்டுவிட்டார். திரும்பும்போது கோழிக்கோட்டில் மனஸ்தாபம். காற்று மாறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினார். வடக்கே அஞ்சதீவில் தங்கிவிட்டு அக்டோபர் தொடக்கத்தில் கடலில் இறங்கியவர் ஆப்பிரிக்கக் கரையைப் பார்க்க ஏறக்குறைய 3 மாதம் ஆயிற்று. ஈறு வீங்கிச் சுமார் 30 மாலுமிகள் அந்தக் கடலிலேயே மாண்டார்கள். மீந்தவர்களைக் கொண்டு மூன்று கப்பல்களையும் செலுத்த முடியாமல் ஒன்றைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அவருக்கு முன் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகக் கிரேக்கரும் அரபிகளும் இந்தப் பருவக் காற்றோடு வந்து, எதிர்க்காற்று எழும் மார்கழியில் அதோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியைக் கண்டுபிடித்தவர் என்று நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இவரைப் புகழ்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 3 மாதம் நினைவுக்கு வரும்.

மத்தியானம் ஒரு ஹோட்டலில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரிக்குப் போனேன். அங்கே அரண்மனையை ஒரு சுற்றுச் சுற்றினேன். 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுவதும் சித்திரமாக இருக்கிறது. மழை இருட்டில் அந்தச் சிவப்பும் பச்சையும் நன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் என் மனம் கடைத்தெருவில் இருந்தது.

கடைத்தெருவுக்கு யூதத் தெரு வழியாகப் போக வேண்டும். தெருக்கோடியில் 1568-இல் கட்டிய யூதர் ஆலயம் இருக்கிறது. யூதர்களும் முதலில் கொடுங்கல்லூரில் இருந்தவர்கள்தான். அந்தத் துறை போனபின் வியாபாரம் தெற்கே நகர்ந்தது; பிறகு சண்டைகளும் போர்த்துகீசியர் கெடுபிடியும் சேர்ந்து அவர்களையும் கொச்சிக்குத் தள்ளின. ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். ஆலயத்தின் தரை முழுவதும் சீனத்திலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் பதித்தவை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். இவை முதலில் ராஜாவுக்காக வந்தவை என்றும், செய்முறையில் பசுவின் ரத்தம் சேர்ந்திருக்கிறது என்று யூத வியாபாரி ஒருவர் காதில் போட, ராஜா வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்றும் ஒரு கதை. நம்ப வேண்டிய கட்டாயமில்லை. வியாபாரிகள் உள்ள ஊரில் இப்படி ஒரு கதை பிறக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

1948-இல் இஸ்ரேல் உண்டானதற்குப் பின் இந்தத் தெருவின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின. இன்று அநேகமாக எவரும் இல்லை. வீடுகளெல்லாம் பழம்பொருள் கடைகளாகிவிட்டன. பித்தளை உருளி, கப்பல் விளக்கு, கோயில் தூண், ஊஞ்சல் பலகை என்று யார் யார் வீட்டுச் சாமான்களோ மழைச் சாரல் படாமல் உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. ஒரு கடைக்காரர் என்னை அன்போடு அழைத்தார். என் வீட்டு வாசற்படியில் நுழையக்கூடியது எதுவும் அவரிடம் இல்லை.

அதைத் தாண்டிப் பஜார் ரோட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் வாசனை வந்தது. மழை நாளில் வாசனை தரையோடு படிந்து நிற்கும் போலிருக்கிறது. சுக்கு, ஏலம், ஜாதிக்காய், எல்லாவற்றுக்கும் அடியில் மிளகு. தெருவின் ஒரு பக்கத்துக் கிடங்குகளுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். ஒரு காலத்தில் வள்ளங்கள் பின்வாசலில் வந்து மூட்டை இறக்கின. இப்போது பல கிடங்குகளில் பூட்டுத் தொங்குகிறது; சில இடங்களில் காப்பிக் கடை வந்திருக்கிறது.

திறந்திருந்த ஒரு கடையில் நுழைந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க வியாபாரி. மூட்டைகளைத் தரையில் படாமல் மரச் சட்டங்களின்மேல் அடுக்கியிருந்தார். கால் கிலோ மிளகு வேண்டும் என்றேன்.

"சாருக்கு எந்த மிளகு வேணும்?" என்று கேட்டார் மலையாளத் தமிழில்.

மிளகில் எத்தனை ஜாதி என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், கடையில் வேறு ஆள் இல்லாததால் எனக்கு ஒரு பாடமே நடந்தது. சல்லடையில் சலித்துக் கழித்ததற்கு 'மலபார் கார்பிள்டு' என்று பெயர். சலிப்பதற்கான அரபிச் சொல் அது. ஐரோப்பாவெல்லாம் சுற்றி இங்கிலீஷ் வேஷம் போட்டுக்கொண்டு இந்தக் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது. மணி நன்றாகப் பருத்திருந்தால் தலைச்சேரி என்ற பெயரும் தனி விலையும். ஒரு லிட்டர் படியில் அளந்து நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்தால் உள்ளே சத்தில்லை என்று அர்த்தம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் காட்டினார். எல்லாம் மூழ்கின. "பப்பாளி விதை கலந்தால் மேலே வரும்" என்றார்.

"இந்த மழையில் சரக்கு கெடாதா?" என்றேன்.

"கெடும் சாரே. ஈரம் குடிக்கும். நிங்கள் ஊருக்குப் போய் ஒரு நாள் வெயிலில் போடணும். அவிடெ வெயில் உண்டல்லோ?" என்று சிரித்தார். பிறகு, "பட்சே இந்த மழை இல்லெங்கில் குருமுளகே இல்ல" என்றார்.

அது வெறும் பேச்சல்ல. மிளகுக் கொடி பூப்பது முதல் மழையில். சரஞ்சரமாகத் தொங்கும் பூவில் ஒரு பூவின் தாதை அடுத்த பூவுக்கு இறக்கிவிடுவதில் மழைத்துளிக்குப் பெரும் பங்கு உண்டு என்கிறார்கள் தாவர சாஸ்திரிகள். கொடி நடுவதற்கும் ஆனியில் சூரியன் திருவாதிரையில் நிற்கும் பதினான்கு நாள்தான் உகந்த காலம். திருவாதிரை ஞாற்றுவேலை என்பது அதற்குப் பெயர். நான் போனது அந்த நாட்களில்தான். ஆனியில் பூத்தது மார்கழி, தையில் பழுக்கும். பறித்து வெயிலில் உலர்த்தினால் கறுக்கும். அந்தச் சமயத்தில்தான் கடற்காற்றும் திரும்பி மேற்கு நோக்கி வீசத் தொடங்கும். விளைச்சலும் கப்பலும் ஒரே காலண்டரில் நடந்தன.

போர்த்துகீசியர் மிளகுக் கொடிகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மந்திரி பதறினாராம். கோழிக்கோட்டுச் சாமூதிரி சிரித்துவிட்டு, கொடியைக் கொண்டு போகட்டும், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு போக முடியுமா என்றாராம். கேரளத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. வியாபாரி இதையும் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, மூலையில் தனியே இருந்த மூட்டைகளைக் கண்ணால் காட்டினார். "அது வியட்நாம்" என்றார்.

சாமூதிரியின் வார்த்தையில் அழகு இருக்கிறது. ஆனால் உலகத்தில் வேறு இடங்களிலும் மழை பெய்கிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இன்று உலகத்திலேயே அதிக மிளகு விளைவிப்பது வியட்நாம். இந்தியா அதற்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறது. யூதத் தெருவில் 1957-இல் தொடங்கிய மிளகு வியாபாரிகள் சங்கத்தில் தரகர்கள் கூடிக் கூவி விலை பேசிய சத்தம் தெருமுனை வரை கேட்குமாம். அந்தச் சத்தமும் ஓய்ந்துவிட்டது. "என் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி" என்றார் வியாபாரி. அதற்குமேல் நான் கேட்கவில்லை. மிளகோடு ஏலமும் சுக்கும் வாங்கிக்கொண்டேன். காகிதத்தில் கட்டி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, வாயை நூலால் இறுக்கிக் கொடுத்தார்.

கிடங்குகளின் பின்வாசல் அடைபட்டதற்கு வியட்நாம் மட்டும் காரணமல்ல. 1341-இல் மழை திறந்த வாய்க்குக் குறுக்கே கடலுக்குள் ஒரு மணல் திட்டு கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்கைத் தோணிகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கில எஞ்சினீயர் 1920-இல் மதராஸ் அரசாங்கத்தின் சார்பில் இங்கே வந்தார். பழைய கடல் படங்களையெல்லாம் புரட்டிப் பார்த்து, திட்டை வெட்டினால் கரை அரிக்குமோ என்ற பயத்துக்கு வழி கண்டு, கால்வாய் வெட்டினார். 1928 மே 26-ஆம் தேதி 'பத்மா' என்ற கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி வெலிங்டன் தீவைப் பெரிதாக்கினார்கள். மழை பாதி செய்த வேலையை 587 ஆண்டு கழித்து மனிதன் முடித்தான். அன்றைக்கே பஜார் ரோட்டுத் தோணிகளின் விதி முடிந்துவிட்டது. கப்பல் வெலிங்டன் தீவில் அணைந்தது. 2011 முதல் பெரிய பெட்டிக் கப்பல்கள் வல்லார்பாடத்தில் அணைகின்றன.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. ஆட்டோக்காரர், "சார் தமிழல்லே? தமிழ்க்காரங்க இருக்கிற இடம் ஒண்ணு காட்டட்டுமா?" என்று கேட்டு, வெளி என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே வண்ணார் துறை இருக்கிறது. தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்க டச்சுக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்த குடும்பங்கள் என்பது இவர்களுடைய பரம்பரைச் செய்தி. முன்பு குளங்களில் துவைத்தவர்களுக்கு 1976-இல் இந்தக் கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். வரிசையாகத் தொட்டிகள், துவைக்கும் கற்கள், கரி போட்ட பெரிய இஸ்திரிப் பெட்டிகள், கஞ்சி வாசனை.

பின்னால் திறந்த மைதானத்தில் கொடிக் கயிறுகள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகினால் போதும், எந்தக் காற்றுக்கும் அசையாதாம். அன்றைக்கு எல்லாக் கயிறும் வெறுமையாக இருந்தது. கொட்டகைக்குள் ஹோட்டல் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் ஈரத்தோடு தொங்கின.

கஞ்சித் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்த முதியவரிடம், "பெரியவரே, உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் வந்தாருங்க. ஊர் பேரைச் சொல்லாமலே போயிட்டாங்க" என்றார்.

"மழைக் காலத்தில் என்ன செய்வீர்கள்?"

"இடவப்பாதி பிடிச்சா கர்க்கடகம் முடியற வரைக்கும் இதே கதைதான் சார். ஒரு நாள் வேலைக்கு மூணு நாள் ஆகும். வெளுக்கக் கொடுத்தவங்க மழையைப் பார்த்துக்கிட்டே, துணி எங்கேம்பாங்க."

மிளகை விளைவித்த மழை. மிளகைத் தேடி வந்த டச்சுக்காரன். அவன் கூட்டி வந்த மனிதர். அவருக்கு இந்த மழையே விரோதி. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் மேற்கே மேகம் சற்று விலகி ஒரு கீற்று வெயில் விழுந்தது. கொட்டகைக்குள் ஒரே பரபரப்பு. பெண்களும் ஆண்களும் துணிகளை வாரிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். கொச்சியில் அன்று முதன்முதலாக மனிதர்கள் ஓடக் கண்டேன். பெரியவர் ஒரு விரிப்பின் முனையை என் கையில் கொடுத்து, "இப்படிப் பிடிங்க சார்" என்றார். மிளகுப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பிடித்தேன். ஆறு விரிப்புகளைக் கயிற்றில் செருகினோம். ஏழாவதை உதறும்போது தூறல் போட ஆரம்பித்தது.